ஓடிக்கொண்டிருக்கும் வெப் அப்ளிகேஷனுக்கு ஏபிஐ அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஸ்டாக்கிஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். ஆர்டர், ஸ்டாக், பில், வசூல் எல்லாவற்றுக்கும் ஒரே வெப் அப்ளிகேஷன். பிஎச்பி மொழியில் எழுதியது, பின்னால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். பல வருடமாக ஓடுகிறது, கணக்கு சரியாக வருகிறது, ஊழியர்களுக்குக் கை பழகிவிட்டது. இப்போது தேவைகள் வரிசையாக வருகின்றன. லைனுக்குப் போகும் சேல்ஸ்மேனுக்கு மொபைல் ஆப் வேண்டும். மெடிக்கல் ஷாப்காரர் ராத்திரி கடை கட்டும்போது தானே ஆர்டர் போட வேண்டும். பில்கள் டேலிக்குப் போக வேண்டும். ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் எண் வாங்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள் எழுதினால் ஒரே கணக்கை நான்கு இடத்தில் போடுவோம், நான்கும் நான்கு விதமாக வரும். மொத்தத்தையும் புதிதாக எழுதலாம் என்றால், அது முடியும்வரை வியாபாரம் காத்திருக்காது. இருக்கிற அப்ளிகேஷன் செய்யும் வேலைகளையே மற்ற மென்பொருள்களும் கூப்பிட்டுப் பயன்படுத்தும்படி ஏபிஐயாகத் திறந்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி.

இதில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை: டேபிள்கள் இருக்கின்றன, ஒவ்வொரு டேபிளுக்கும் படிக்க, எழுத, மாற்ற, அழிக்க நான்கு முகவரி கொடுத்துவிடலாம். இதைத் தானாகவே செய்து தரும் கருவிகளும் உண்டு. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். உரிமம் செல்லுபடியில் இல்லாத கடைக்கு மருந்து விற்கக் கூடாது, பாக்கி வரம்பைத் தாண்டினால் பில் போடக் கூடாது, எக்ஸ்பயரி நெருங்கும் பேட்ச் முதலில் வெளியே போக வேண்டும், பத்துக்கு ஒன்று ஸ்கீம் என்றால் இலவசத்தையும் ஸ்டாக்கில் கழிக்க வேண்டும். இந்த விதிகளில்தான் அந்த மென்பொருளின் இத்தனை வருட உழைப்பு இருக்கிறது. டேபிளை நேரடியாகத் திறந்துவிட்டால் இவை எதையும் தொடாமல் யார் வேண்டுமானாலும் ஆர்டர் எழுதிவிட முடியும். விதிகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், பழைய திரையும் புதிய ஆப்பும் அங்கேயே வர வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

படி 1: கையால் திரும்பத் தட்டும் இடங்களைத் தேடுங்கள்

ஏபிஐயில் என்னென்ன வேண்டும் என்று கூட்டம் போட்டுக் கேட்டால் "எல்லாமே வேண்டும்" என்றுதான் பதில் வரும். அதைவிட ஆபீசில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கவனியுங்கள். ஒரு திரையில் தெரிவதை இன்னொரு மென்பொருளில் யாராவது தட்டுகிறார்களா? தினமும் சாயங்காலம் எக்செல் கோப்பு எடுத்து யாருக்காவது மெயில் போகிறதா? சேல்ஸ்மேன் போனில் கூப்பிட்டு "இது ஸ்டாக் இருக்கா, இந்தக் கடை பாக்கி எவ்வளவு" என்று கேட்கிறாரா? அப்படி ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏபிஐக்கு உண்மையான தேவை அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் வெப் சர்வரின் லாகை, அதாவது வரும் ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும் கோப்பை, பாருங்கள். எந்தப் பக்கம் எந்த நேரத்தில் அதிகம் திறக்கப்படுகிறது என்பது தெரியும். சாதாரண பிரவுசர் பெயர் இல்லாமல், சரியான இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும் அழைப்புகள் இருந்தால், யாரோ ஸ்கிரிப்ட் எழுதி உங்கள் பக்கத்திலிருந்து தகவலைச் சுரண்டி எடுக்கிறார்கள் என்று பொருள். அவர்களைத் தடுக்கும் முன் பேசிப் பாருங்கள். உங்கள் ஏபிஐயின் முதல் பயனாளி அவர்களாகவே இருக்கலாம்.

நம் ஸ்டாக்கிஸ்ட்டுக்கு இந்தப் பட்டியல் சிறியதாகத்தான் வரும்: ஸ்டாக் விசாரணை, கடையின் பாக்கி, ஆர்டர் போடுவது, ஆர்டரின் நிலை, பில் விவரம். தொடங்குவதற்கு இது போதும்.

படி 2: வியாபாரம் பேசும் சொற்களில் பெயர் வையுங்கள்

பழைய டேபிளில் நிலை என்ற நெடுவரிசையில் ஓரெழுத்துக் குறிகள் இருக்கும். அதில் ஒன்று ரத்தான ஆர்டரா, எக்ஸ்பயரி ரிட்டர்னா என்று எழுதியவருக்குத்தான் தெரியும். அந்தக் குறிகளும் டேபிள் பெயர்களும் ஏபிஐ வழியாக வெளியே வரக் கூடாது. வந்துவிட்டால் அவற்றை நம்பி மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், அப்புறம் உங்கள் டேபிளையே உங்களால் மாற்ற முடியாது.

கடை, மருந்து, பேட்ச், ஆர்டர், பில், ரசீது என்று கவுண்டரில் பேசும் பெயர்களையே வையுங்கள். செயல்களையும் அப்படியே வையுங்கள். ஆர்டரை ரத்து செய்ய "நிலை நெடுவரிசையில் இந்த மதிப்பை எழுது" என்று ஒரு வழி கொடுக்காதீர்கள். ரத்து என்றால் ஒதுக்கிய ஸ்டாக்கை விடுவிக்க வேண்டும், ஸ்கீமைத் திருப்ப வேண்டும், பில் போட்டுவிட்டால் ரத்து செய்யவே கூடாது. இவ்வளவும் சேர்ந்த ஒரு செயலாக "/ஆர்டர்கள்/1042/ரத்து" என்று முகவரி கொடுங்கள். இங்கே படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழில் காட்டுகிறேன், உங்கள் குழுவின் வழக்கப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

கணினி ஆய்வாளர் ராய் ஃபீல்டிங் 2000-ல் தன் ஆய்வேட்டில் வரையறுத்த, ஏபிஐ வடிவமைப்பில் பரவலான ரெஸ்ட் முறைப்படி இது சுத்தமாக இருக்கிறதா என்று சிலர் வாதிடுவார்கள். வியாபார அப்ளிகேஷனில் அந்த வாதத்துக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டியதில்லை. எல்லா முகவரிகளும் ஒரே பாணியில் இருப்பதுதான் கூப்பிடுபவருக்கு உதவும்.

படி 3: திரையிலிருந்து விதிகளைப் பிரித்தெடுங்கள்

மொத்த வேலையில் பெரிய பங்கு இதுதான். ஏபிஐ திட்டங்கள் இழுத்துக்கொண்டே போவதற்கும், பாதியில் கைவிடப்படுவதற்கும் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க நினைத்ததுதான் பெரும்பாலும் காரணம்.

"ஆர்டர் சேமி" பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரே கோப்பில் எல்லாம் கலந்து கிடக்கும்: செஷனில் (லாகின் செய்தவரின் விவரத்தைச் சர்வர் நினைவில் வைக்கும் இடம்) இருந்து பயனர் பெயர் எடுப்பது, படிவத்தில் வந்ததைச் சரிபார்ப்பது, கடன் வரம்பு பார்ப்பது, டேட்டாபேஸுக்கான எஸ்க்யூஎல் கட்டளை எழுதுவது, நடுவில் எச்டிஎம்எல் அச்சிடுவது. விதிகள் இந்தக் கோப்போடு முடிந்துவிடாது. இன்னும் நான்கு இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது பிரவுசர். அளவு பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும், கழிவு இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பவை ஜாவாஸ்கிரிப்டில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஏபிஐ வழியாக வருபவர் அந்த ஜாவாஸ்கிரிப்டைப் பார்ப்பதே இல்லை. அதனால் இவை அத்தனையும் சர்வர் பக்கம் வர வேண்டும்.

இரண்டாவது டேட்டாபேஸுக்குள் இருக்கும் டிரிகர்களும் (தானாக ஓடும் நிரல்கள்) ஸ்டோர்டு புரொசீஜர்களும் (கூப்பிட்டால் ஓடும் நிரல்கள்). பில் டேபிளில் ஒரு வரி சேர்ந்தால் ஸ்டாக் தானாகக் குறைகிறது என்றால் அங்கே ஒரு டிரிகர் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் உங்கள் புதிய நிரலும் ஸ்டாக்கைக் குறைத்தால் இரண்டு முறை குறையும்.

மூன்றாவது செஷன். நம் ஊர் பில்லிங் மென்பொருள்களில் லாகின் செய்யும்போதே கிளையையும் நிதியாண்டையும் தேர்வு செய்யச் சொல்வார்கள். அந்த இரண்டும் செஷனில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு எஸ்க்யூஎல்லிலும் எட்டிப் பார்க்கும். மார்ச் 31 ராத்திரி லாகின் செய்தவர் ஏப்ரல் 1 அன்று போடும் பில் எந்த ஆண்டில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். ஏபிஐக்கு செஷனே கிடையாது. நிதியாண்டை பில் தேதியில் இருந்து கணக்கிடுங்கள், கிளையை அழைப்பவரின் உரிமையில் இருந்தோ கோரிக்கையில் இருந்தோ வெளிப்படையாக எடுங்கள்.

நான்காவது, வருடக்கணக்கில் பில் போடும் ஊழியரின் மனசு. "அந்தக் கடைக்கு மட்டும் வரம்பு தாண்டினாலும் போடலாம், முதலாளி சொல்லியிருக்கார்" என்பது எந்த நிரலிலும் இருக்காது. இன்றைக்கு அவர் மானேஜர் பாஸ்வேர்டு போட்டுக் கடந்துவிடுகிறார். மொபைல் ஆப்பில் அதற்கு என்ன வழி? அவருடன் உட்கார்ந்து பேசி, "ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்ற ஒரு நிலையை முறையாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

தேடி முடித்த பிறகு பிரிக்கும் வேலை. முதலில் டேட்டாபேஸின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நடந்த உண்மையான ஆர்டர்களைத் தேர்ந்தெடுங்கள்: சாதாரணமானது, ஸ்கீம் உள்ளது, இரண்டு பேட்சுகளில் இருந்து பிரிந்து போனது, வரம்பில் தடுக்கப்பட்டது, ரவுண்ட் ஆஃபில் பைசா மாறியது. இவற்றைப் பழைய பக்கத்தின் வழியாகவே அனுப்பி, எந்த டேபிளில் என்ன மாறியது என்று பதிவுசெய்யுங்கள். பழைய பக்கம் சரியாகச் செய்கிறதா என்ற கேள்வி இப்போது வேண்டாம். என்ன செய்கிறது என்பதைப் பிடித்துவைப்பதுதான் நோக்கம். இந்தப் பதிவுகளே உங்கள் சோதனைகள்.

பிறகு "ஆர்டரை உருவாக்கு" என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அதற்கு வேண்டிய எல்லாமே உள்ளீடாக வர வேண்டும்: யார், எந்தக் கிளை, எந்தக் கடை, என்னென்ன மருந்து, எவ்வளவு. அது செஷனைத் தொடக் கூடாது, எச்டிஎம்எல் அச்சிடக் கூடாது, பிழை வந்தால் பாதியிலேயே நிரலை நிறுத்திவிடவும் கூடாது. உருவான ஆர்டரையோ, "கடன் வரம்பு தாண்டியது" என்று பெயருள்ள ஒரு பிழையையோ திருப்பித் தர வேண்டும்.

அடுத்த வரிசை முக்கியம். அந்த ஃபங்ஷனை முதலில் பழைய திரையே கூப்பிடும்படி மாற்றுங்கள். சோதனைகளை ஓட்டுங்கள், நேரடிப் பயன்பாட்டில் விடுங்கள், ஒரு மாத முடிவையாவது அது தாண்டட்டும். அதற்குப் பிறகுதான் அதே ஃபங்ஷனின் மேல் ஏபிஐ. அவசரத்தில் ஏபிஐக்கு என்று தனியாக நகல் எடுத்து எழுதினால், அடுத்த முறை ஸ்கீம் மாறும்போது ஒரு பக்கம் மாறும், இன்னொரு பக்கம் மறந்துபோகும்.

இதே சமயத்தில் டேபிள்களின் என்ஜினையும், அதாவது தகவலைச் சேமிக்கும் முறையையும், பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 2010-ல் வந்த 5.5 பதிப்பில் இருந்துதான் இன்னோடிபி இயல்பானதாக ஆனது. அதற்கு முன் தொடங்கிய டேபிள்கள் மைஐசாமில் இருக்க வாய்ப்புண்டு. அதில் டிரான்ஸாக்ஷனே, அதாவது பல எழுத்துகளை எல்லாம் சேர்ந்தோ எதுவும் இல்லாமலோ முடிக்கும் வசதியே, கிடையாது. ஆர்டர் எழுதி, ஸ்டாக் குறைக்கும் முன் நின்றுபோனால் பாதி எழுதியது அப்படியே இருக்கும். இன்னோடிபிக்கு மாற்றிவிட்டு மேலே போங்கள். அப்போதுதான் கடைசி பத்து ஸ்ட்ரிப்புக்கு இரண்டு சேல்ஸ்மேன் ஒரே நேரத்தில் ஆர்டர் போட்டால் ஸ்டாக் டேபிளில் அந்த மருந்தின் வரியைப் பூட்டி ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியும்.

சோர்ஸ் கோடே கையில் இல்லை, எழுதிய நிறுவனமும் இல்லை என்ற நிலையும் உண்டு. படிக்க மட்டும் என்றால் டேட்டாபேஸில் வியூக்கள் (வேண்டிய தகவலை மட்டும் காட்டும் மாயத் டேபிள்கள்) அமைத்து, எழுதும் உரிமை இல்லாத தனிப் பயனர் வழியாகப் படியுங்கள். எழுதுவதற்கு நேரடியாக டேபிளில் கை வைக்காதீர்கள். பழைய படிவத்தையே ஒரு நிரல் வழியாகச் சமர்ப்பிப்பது ஒன்றுதான் மிச்சம். லாகின் குக்கீ, படிவத்தில் மறைந்திருக்கும் டோக்கன் எல்லாம் எடுத்து அனுப்ப வேண்டும், பக்கத்தில் ஒரு வரி மாறினாலும் உடைந்துவிடும். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் விதிகள் ஓடும்.

படி 4: நிரலுக்கு முன் ஒப்பந்தம்

ஒவ்வொரு அழைப்புக்கும் என்ன வர வேண்டும், என்ன போகும், என்னென்ன பிழை வரும் என்பதை ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவமான ஓபன்ஏபிஐ வடிவில் எழுதிவிடுங்கள். ஸ்வாகர் என்று முதலில் அறியப்பட்டது இதுதான். எழுதியதை மொபைல் ஆப் செய்பவரிடம் கொடுத்தால் அவர் போலிச் சர்வரை வைத்து வேலையைத் தொடங்கிவிடுவார். எங்கே தகவல் போதவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சின்ன முடிவுகள் சில இங்கே நிறைய தலைவலியைத் தவிர்க்கும். பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பைசாவில் முழு எண்ணாகவோ எழுத்து வடிவிலோ அனுப்புங்கள். அடையாள எண்களையும் எழுத்தாகவே அனுப்புங்கள், ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-ஐத் தாண்டினால் முழு எண்ணின் துல்லியம் போய்விடும். தேதியை 2024-04-03 என்ற வரிசையில் எழுதுங்கள். 03/04 என்றால் ஏப்ரலா மார்ச்சா என்று கேள்வி வரும். நேரம் இருந்தால் +05:30 என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள அப்ளிகேஷனில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். யூனிகோட் பரவுவதற்கு முன் கடைப் பெயர்களைப் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிச் சேமித்திருப்பார்கள். திரையில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரியும், டேட்டாபேஸில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ஏபிஐ அதை அப்படியே அனுப்பினால் மறுமுனையில் ஒன்றும் புரியாது. யூனிகோடுக்கு மாற்றி, டேபிளின் குறிமுறையை யூடிஎஃப்8எம்பி4 என்று வைத்துவிட்டுத் தொடருங்கள்.

பிழைச் செய்திகளில் கஞ்சத்தனம் வேண்டாம். பதிலோடு போகும் எச்டிடிபி நிலை எண்ணைச் சரியாக வையுங்கள்: வடிவம் தவறு என்றால் 400, அடையாளம் இல்லை என்றால் 401, உரிமை இல்லை என்றால் 403, இல்லாத ஆர்டர் என்றால் 404, நிலை முரண் என்றால் 409, வியாபார விதி தடுத்தது என்றால் 422. எல்லாவற்றுக்கும் "வெற்றி" எனப் பொருள்படும் 200 அனுப்பிவிட்டு உள்ளே "பிழை" என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். பிழையின் உள்ளடக்கத்துக்கு 2023-ல் வந்த ஆர்எஃப்சி 9457 என்ற இணையத் தர ஆவணம் ஒரு பொது வடிவம் தந்திருக்கிறது, அதையே பின்பற்றலாம். "வரம்பு 50,000, பாக்கி 46,000, இந்த ஆர்டர் 7,500" என்று எண்களோடு பதில் போனால், கடையில் நிற்கும் சேல்ஸ்மேன் ஆபீசைக் கூப்பிடாமல் அங்கேயே ஆர்டரைக் குறைத்துப் போடுவார்.

படி 5: ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்தால்

சேல்ஸ்மேன் ஆர்டரை அனுப்புகிறார். சர்வரில் பதிவாகிவிடுகிறது. பதில் திரும்பும்போது சிக்னல் போய்விடுகிறது. ஆப்பில் "தோல்வி" என்று காட்டுகிறது, அவர் மறுபடி அழுத்துகிறார். கடைக்கு இரண்டு மடங்கு சரக்கு போய் இறங்குகிறது. வெப் திரையிலும் இது எப்போதாவது நடந்திருக்கும். மொபைல் வந்ததும் தினமும் நடக்கும்.

எச்டிடிபி விதிப்படி கெட் (படிக்க), புட் (மாற்றி எழுத), டெலிட் (அழிக்க) ஆகியவற்றைத் திரும்ப அனுப்பினாலும் விளைவு ஒரு முறை அனுப்பியதற்குச் சமமாக இருக்க வேண்டும். புதிதாக உருவாக்கும் போஸ்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதனால் ஆர்டரை உருவாக்கும் போதே ஆப் ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி, கோரிக்கையின் தலைப்பில் (ஹெடர்) சேர்த்து அனுப்ப வேண்டும். சர்வர் அதை ஆர்டருடன் அதே டிரான்ஸாக்ஷனில், ஒரே மதிப்பு ஒருமுறைக்கு மேல் வர முடியாத நெடுவரிசையில் எழுத வேண்டும். அதே அடையாளம் மறுபடி வந்தால் புதிய ஆர்டர் போடாமல் முதலில் தந்த பதிலையே தர வேண்டும். அதே அடையாளத்துடன் வேறு உள்ளடக்கம் வந்தால் பிழை சொல்ல வேண்டும்.

இ-இன்வாய்ஸ் அமைப்பு இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். பதிவுத் தளம் தரும் இ-இன்வாய்ஸ் எண்ணான ஐஆர்என் 64 எழுத்து நீளம். விற்பவரின் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் இவற்றைச் சேர்த்து ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்டது. ஆகவே அதே பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்தான் வரும், இரண்டாவது முறை நகல் என்று திரும்பிவிடும். உங்கள் ஏபிஐக்கும் இந்தக் குணம் வேண்டும்.

ஏற்கெனவே இருப்பதைத் திருத்தும் அழைப்புகளில் வேறொரு ஆபத்து. ஆபீசில் ஒருவர் திறந்துவைத்திருக்கும் ஆர்டரை, வெளியில் இருந்து இன்னொருவர் மாற்றுவார். ஆர்டரைத் தரும்போது ஈடேக் என்ற தலைப்பில் அதன் பதிப்பு அடையாளத்தையும் தாருங்கள். மாற்ற வருபவர் அதைத் திருப்பித் தர வேண்டும். இடையில் மாறியிருந்தால் 412 சொல்லித் திருப்பிவிடுங்கள்.

படி 6: யார் கேட்கிறார், அது அவருடையதா?

நடுவில் ஆள் இல்லாமல் பேசும் மென்பொருளுக்கு, உதாரணமாக டேலிக்குப் பில் கொண்டுபோகும் நிரலுக்கு, தனித்தனி சாவிகள் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே சாவி என்றால் ஒருவரை நிறுத்த எல்லோரையும் நிறுத்த வேண்டியிருக்கும். மனிதர் லாகின் செய்யும் ஆப்புகளுக்கு, 2012 முதல் நிலைத்துவிட்ட ஓஆத் 2.0 என்ற அனுமதி வழங்கும் முறையில் குறுகிய ஆயுள் கொண்ட டோக்கன்கள் (தற்காலிக அனுமதிச் சீட்டுகள்). எழுதிப் பார்க்கலாம் என்று சொந்தமாக ஒரு லாகின் முறையைக் கண்டுபிடிக்க வேண்டாம், நன்றாகச் சோதிக்கப்பட்ட நூலகங்கள் இருக்கின்றன.

லாகின் சரியாக இருந்தால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரிய ஓட்டை விழுகிறது. 2018 நவம்பரில் அமெரிக்க அஞ்சல் துறையின் ஒரு ஏபிஐ செய்தியில் அடிபட்டது. அந்தத் தளத்தில் கணக்கு வைத்திருந்த எவரும் மற்ற சுமார் 6 கோடிப் பயனர்களின் விவரங்களைப் பார்க்க முடிந்தது. லாகின் இருந்தது. "இவர் கேட்கும் விவரம் இவருடையதா" என்ற சோதனைதான் இல்லை. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு ஏபிஐ ஆபத்துகளைப் பட்டியலிட்ட 2019, 2023 இரண்டிலும் இந்தக் குறைக்குத்தான் முதலிடம்.

பழைய அப்ளிகேஷன்களுக்கு இது ஏன் அதிகம் பொருந்துகிறது? வெப் திரையில் ஒரு பயனருக்கு அவருடைய கடைகளின் பட்டியல் மட்டும் தெரியும், அதில் இருப்பதைத்தான் அழுத்த முடியும். பட்டியலே பாதுகாப்பாக இருந்துவந்தது. ஏபிஐயில் பட்டியல் கிடையாது. 1042 என்ற இடத்தில் 1043 என்று போட்டுப் பார்ப்பது யாருக்கும் கஷ்டமில்லை. ஆகவே ஒவ்வொரு அழைப்பிலும் கடை, ஆர்டர், பில் எதுவானாலும் அழைப்பவருக்கு உரியதா என்று படி 3-ல் எழுதிய அதே ஃபங்ஷனுக்குள் பாருங்கள். ஒரு கடைக்காரரின் டோக்கனை வைத்து இன்னொரு கடைக்காரரின் பில்லைக் கேட்கும் சோதனையை எல்லா முகவரிகளுக்கும் எழுதிவைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஓட்டுங்கள்.

தேவையில்லாத தகவலை அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆப் காட்டாது என்பதால் கொள்முதல் விலை பதிலில் இருந்தால் பரவாயில்லை என்று இருக்கக் கூடாது. பதிலைப் பிரித்துப் பார்ப்பவருக்கு உங்கள் லாபமே தெரிந்துவிடும். தனிநபர் விவரங்களுக்கு இந்தியாவில் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

படி 7: பில் கவுண்டர் நிற்கக் கூடாது

ஏபிஐ வந்ததால் கவுண்டரில் பில் போடுவது மெதுவானால், அடுத்த நாளே ஏபிஐயை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அது நியாயமும்கூட. ஏபிஐயைத் தனிப் புராசஸாக ஓட்டுங்கள், டேட்டாபேஸ் இணைப்புகளுக்கு உச்சவரம்பு வையுங்கள். ஒவ்வொரு சாவிக்கும் நிமிடத்துக்கு இத்தனை அழைப்பு என்று கட்டுப்படுத்தி, மீறினால் 429 சொல்லி எத்தனை விநாடி கழித்து வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பட்டியல்களைப் பக்கம் பக்கமாகத்தான் தர வேண்டும். "எல்லா மருந்தும்" என்று கேட்டால் மொத்தத்தையும் கொட்டாமல், "கடைசியாகக் கேட்டதற்குப் பிறகு மாறியவை மட்டும்" என்று கேட்கும் வழியைக் கொடுங்கள். மருந்துப் பட்டியலும் விலையும் தினம் முழுசாக மாறுவதில்லை என்பதால், சுமையில் பெரும்பகுதி இதிலேயே குறைந்துவிடும்.

படி 8: நீங்களே போய்ச் சொல்ல வேண்டியவை

"பில் ஆகிவிட்டதா, ஆகிவிட்டதா" என்று ஆப் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதைவிட, ஆனதும் நீங்கள் தகவல் அனுப்புவது நல்லது. ஆனால் பில் சேமிக்கும் அதே நொடியில் வெளிச் சர்வரைக் கூப்பிடாதீர்கள். அது பதில் சொல்லாவிட்டால் கவுண்டரில் இருப்பவர் காத்திருப்பார். பில் எழுதும் அதே டிரான்ஸாக்ஷனில் "அனுப்ப வேண்டியவை" என்ற டேபிளில் ஒரு வரி எழுதுங்கள். தனி நிரல் ஒன்று அதை எடுத்து அனுப்பட்டும், தோற்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயலட்டும். பெறுபவர் அது உங்களிடமிருந்துதான் வந்தது என்று சரிபார்க்க இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியால் உருவாக்கும் எச்மேக் கையொப்பத்தைச் சேருங்கள்.

இ-இன்வாய்ஸையும் டேலியையும் இதே வரிசையில் கொண்டுவரலாம். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டுபவர்கள் வரை வந்துவிட்டது. மொத்த வியாபாரத்தில் பலருக்கு இது தவிர்க்க முடியாத வேலை. "ஐஆர்என் காத்திருக்கிறது" என்பதைப் பில்லின் முறையான நிலையாக வைத்து, எண் வந்த பிறகே சரக்கு குடோனை விட்டுப் போகும்படி அமையுங்கள். பதிவான ஐஆர்என்னைத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். உங்கள் ரத்து ஃபங்ஷனுக்கு அந்தக் காலக்கெடு தெரிந்திருக்க வேண்டும். டேலியின் பக்கம் எளிது: அது எக்ஸ்எம்எல் வடிவில் எச்டிடிபி வழியாகத் தகவல் வாங்கும், இயல்பாக 9000 என்ற போர்ட்டில். டேலி ஓடும் கணினி ராத்திரி அணைக்கப்பட்டிருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வரிசை இருப்பதால் காலையில் அது தானாகப் போய்ச் சேரும்.

படி 9: ஒரே நாளில் மாறாதீர்கள்

பனைமரத்தின் இடுக்கில் விழுந்த ஆல விதை வேர்விட்டு, மரத்தைச் சுற்றி வளர்ந்து, ஒரு காலத்தில் ஆலமரமாகவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் ஆஸ்திரேலியக் காட்டில் இப்படி வளரும் அத்தி மரங்களைப் பார்த்துத்தான் 2004-ல் இந்த மாற்று முறைக்கு "ஸ்ட்ராங்க்ளர்" என்று பெயர் வைத்தார். பழையது ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு செயலாகப் புதிய பக்கம் வரும்.

முதலில் படிக்க மட்டுமான அழைப்புகள்: ஸ்டாக், பாக்கி. ஒரே ஒரு லைனின் சேல்ஸ்மேனுக்கு மட்டும் கொடுங்கள். ஏபிஐ சொல்லும் பாக்கியும் திரை காட்டும் பாக்கியும் ஒன்றா என்று தினம் ஒரு நிரல் ஒப்பிட்டுச் சொல்லட்டும். வித்தியாசம் வந்தால் எங்கோ ஒரு விதி இன்னும் திரையிலேயே தங்கியிருக்கிறது. வித்தியாசம் வருவது நின்ற பிறகு ஆர்டர் போடுவதைத் திறந்துவிடுங்கள், கடைக்காரர்களுக்கு அதற்கப்புறம். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, லாகிலும் பிழைச் செய்தியிலும் அதைப் போடுங்கள். "நேற்று மூன்று மணிக்கு ஆர்டர் போகலை" என்ற புகாரைத் தேட அந்த எண் இல்லாமல் முடியாது.

முகவரியில் முதல் நாளிலிருந்தே பதிப்பு எண் இருக்கட்டும். புதிய விவரத்தைச் சேர்ப்பதால் யாருக்கும் உடையாது, அதற்குப் பதிப்பு மாற்ற வேண்டாம். ஒரு விவரத்தை நீக்குவது, பொருளை மாற்றுவது, விருப்பமாக இருந்ததைக் கட்டாயமாக்குவது ஆகியவை உடைக்கும். அப்போதுதான் இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பை நிறுத்தும் தேதியைப் பதில்களிலேயே சன்செட் என்ற தலைப்பில் சொல்லலாம், ஆர்எஃப்சி 8594 அதற்காகவே 2019-ல் வந்தது. ஆனால் தலைப்பைப் படிப்பவர் குறைவு. லாகை எடுத்து, இன்னும் எந்தச் சாவிகள் பழைய பதிப்பைக் கூப்பிடுகின்றன என்று பார்த்து, அவர்களுக்குப் போன் செய்யுங்கள். நிறுத்தும் நாளுக்கு முன் ஒருமுறை, வியாபாரம் குறைந்த நேரத்தில், சில நிமிடம் மட்டும் அணைத்துப் பாருங்கள். யாராவது கூப்பிட்டுக் கேட்டால் அவர்கள் மாறும்வரை தேதியைத் தள்ளிவையுங்கள். யாரும் கேட்காவிட்டால், சொன்ன தேதியில் "இனி இல்லை" எனப் பொருள்படும் 410 என்ற பதிலை வைத்துவிட்டுப் பழைய நிரலை நீக்கிவிடலாம்.